நூறு பேரும் ஆம் என்றார்கள்

மருந்து கொடுப்பவள் கோபத்தோடுதான் கேட்டாள்.

"எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க."

மருந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள் சொர்ணத்தாய். கவரை வாங்க நீட்டிய கை கம்பிகளுக்கு நடுவில் அப்படியே நின்றது.

கேள்வி கேட்டவளுடையது அல்ல. அவளுடைய ஆய்வு வழிகாட்டியுடையது.

சென்னையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் செல்போனில் மட்டும் தெரிகிற முகம். தாலுகா ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் ஒரு நாளும் உட்கார்ந்திராத முகம்.

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் மேற்படிப்பு. பத்தொன்பது வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்த பிறகு, ஆய்வு செய்வது எப்படி என்று ஒரு பாடம். அதற்காக நூறு நோயாளிகளிடம் கேட்டு, ஆளுக்கொரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். 'மருந்து சாப்பிடும் முறை புரிந்ததா?'

நூறு பேரும் ஆம்.

அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினாள்.

வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். நூறு பேரும் ஒரே பதில் சொன்னால் கோளாறு கேள்வியில் இருக்கும், அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துக் கேளுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், தவறினால் அடுத்த வருஷம்தான் என்று சிவப்பில் எழுதியிருந்தார்.

என்ன கொழுப்பு.

ஒரு திங்கட்கிழமை வந்து இந்த ஸ்டூலில் உட்காரட்டும். நானூறு சீட்டு, ஒரே ஜன்னல். சீட்டைத் தலைகீழாக நீட்டுவார்கள். சொன்னதையே மறுபடி கேட்பார்கள். சத்தம் போடாமல் வரிசை நகருமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஒரே ஒருத்தரிடம் கேட்டு, சரியான பதிலை வாங்கி, அந்தச் சென்னை ஆளின் முகத்தில் எறிய வேண்டும். அதற்கென்றே சொர்ணத்தாயைப் பிடித்தாள். பீடி சுற்றுகிறவள். மூட்டுவாதம். பதினான்கு மாதமாகத் தவறாமல் வந்து அதே மருந்தை வாங்குகிறவள்.

மாதத்துக்கு நாலே நாலு மாத்திரை. வாரத்துக்கு ஒன்று. தினமும் சாப்பிட்டால் ஆளையே சாய்த்துவிடும் மருந்து. இது இவளுக்குத் தெரியாமலா?

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

சொர்ணத்தாய் அவள் கையிலிருந்த கவரை விரலால் காட்டினாள். விரல் கணுக்கணுவாக வீங்கியிருந்தது. கவரில் ஒரு சூரியன் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே கட்டம். கட்டத்துக்குள் அவள் போட்ட டிக்.

காலையில் ஒன்று என்றாள் சொர்ணத்தாய்.

எந்தக் கிழமை என்று கேட்டாள்.

கிழமையெல்லாம் இல்லை, தினமும்தான் என்றாள். நாலு நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் வாயெல்லாம் வெந்துபோகும். கஞ்சிகூட இறங்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். அடுத்த மாதம் மறுபடி வந்து வாங்கிக்கொள்வாள். மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டாளாம்.

பதினான்கு மாதம்.

கேட்டவளுக்குக் காது சூடானது.

கவரில் மூன்றே கட்டம். காலை, மதியம், இரவு. வாரத்துக்குக் கட்டம் கிடையாது. சூரியனுக்குக் கீழே டிக் போட்டு, வாரத்துக்கு ஒண்ணு, புரிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே அடுத்த சீட்டுக்குக் கை நீட்டிவிடுவாள்.

கவர் அச்சடித்தவன் மேல் கோபம் வந்தது. இரண்டாவது ஜன்னலுக்கு ஆள் போடாதவர்கள் மேல் வந்தது. அந்தச் சென்னைக்காரர் சொன்னது சரியாகப் போனதில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. ஆனால் எதிரில் நின்றது இந்தப் பொம்பளை.

மேஜை டிராயரை இழுத்து நூறு தாள்களையும் வெளியே எடுத்தாள். முப்பத்தேழாவது தாள். சொர்ணத்தாய், வயது ஐம்பத்திரண்டு. ஆம். கீழே கோணலாக ஒரு கையெழுத்து.

அதைக் கம்பி வழியே நீட்டினாள். புரிந்தது என்று நீதானே கையெழுத்துப் போட்டாய் என்று கத்தினாள். வாய் வெந்து கிடந்தவள் ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினாள். வரிசையில் பேச்சு நின்றுவிட்டது.

சொர்ணத்தாய் தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இல்லன்னு சொன்னா ஏசுவியளே, தாயி."



மருந்து கொடுப்பவள் கவரைத் திரும்ப உள்ளே வைத்தாள். சீட்டின் பின்பக்கம் டாக்டருக்கு எழுதினாள். என்ன நடந்தது, எத்தனை மாதம், இன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். தவறு யாருடையது என்பதற்குத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் சொல்கிற வரை இந்த மாத்திரை வேண்டாம் என்று சொன்னாள். சொர்ணத்தாய் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை நம்பாமல், ஸ்டூலிலிருந்து எழுந்து வெளியே வந்து, டாக்டர் அறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள்.

மீதித் தொண்ணூற்றொன்பது தாள்களும் மேஜைமேல் கிடந்தன.

வரிசையில் அடுத்தவர் ஒரு பெரியவர். சர்க்கரை வியாதி. நாலு வகை மாத்திரை. சீட்டை நேராகத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் தன் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தாள். சீட்டை வாங்கினாள். மாத்திரை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"புரிஞ்சுதும்மா," என்றார் பெரியவர்.

அவள் இன்னும் எதையும் கொடுக்கவில்லை.