பச்சைச் சட்டை

ஆணியில் தொங்கிய சட்டை நீலமாக இருந்தது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. நீலம்தான்.

நேற்றுத்தான் ஒரு கண்ணில் புரையை எடுத்திருந்தார்கள். பொட்டளவு துளை. தையல்கூட இல்லை. அதன் வழியாகவே பழையதை உறிஞ்சி எடுத்து, மடித்த லென்ஸை உள்ளே விட்டார்கள். காலையில் போனவர் மத்தியானம் வீட்டில் இருந்தார்.

புதுக் கண்ணை மூடினார். பச்சை.

பழைய கண்ணை மூடினார். நீலம்.

ஐயோ!

போன ஆடியில் ஆற்றில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் அடையாளம் தெரியவில்லை. காணாமல் போன மகன் செழியன் பச்சைச் சட்டை போட்டிருந்தான் என்று மருமகள் வளர்மதி சொல்லியிருந்தாள். பொம்பளை பிணவறைக்கு வரவேண்டாம் என்று இவர் மட்டும் போனார். இரண்டு கண்ணிலும், நீலத்தைப் பச்சையாகக் காட்டும் மஞ்சள் புரை மண்டிக் கிடந்தது. அதைப் போலீஸ்காரனிடம் சொல்ல வீம்பு விடவில்லை.

"எம் பையன்தான்" என்றார்.

கொள்ளியும் வைத்தார். சட்டையை மட்டும் கேட்டு வாங்கி வந்தார்.

யார் பெற்ற பிள்ளையோ! எந்த வீட்டில் யார் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

அப்படியென்றால் செழியன்?



அந்தச் சட்டையைத் துவைத்து ஆணியில் மாட்டியது வளர்மதி. அவள் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

சொட்டு மருந்தோடு வந்தாள். "அண்ணாந்து பாருங்க மாமா."

அவள் கை முகத்துக்கு நேரே வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகத் தழும்புகள். சிகரெட்டால் சுட்டவை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இவர் பார்த்ததில்லை. ராத்திரியில் அவள் அழுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன என்று திரும்பிப் படுத்திருக்கிறார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

மருந்து விழுந்தது. அவர் சட்டையைப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். மருந்துக் குப்பியை மூடாமலே நின்றாள்.

"அது என்ன கலர் தெரியுது மாமா?"

அவர் புதுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பச்சைதாம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

இருவருமே அசையவில்லை.