ஜோசியக் கிளியின் விடுமுறை

கிளி ஜோசியர் மாசிலாமணி கால் முறிந்து மூன்று மாதம் படுத்துவிட்டார். அவருடைய கிளிக்கு முதன்முறையாக விடுமுறை கிடைத்தது. வெயிலில் உட்கார வேண்டாம், சீட்டு எடுக்க வேண்டாம். ஜோசியரின் மனைவி நெல்லைப் போட்டுவிட்டுக் கூண்டைச் சாத்தாமலே போய்விடுவாள். இறகு நறுக்கிய கிளி எங்கே போய்விடும்? கிளி தின்றது, தூங்கியது, எழுந்து மறுபடி தின்றது.

ஒருநாள் கூரையிலிருந்து அணில் இறங்கி வந்தது.

"அண்ணே, சிறகை விரிங்க பார்ப்போம்."

கிளி சோம்பலாக விரித்தது. ஜோசியர் நறுக்கிய இறகுகள் முழுக்க வளர்ந்திருந்தன.

"அடேயப்பா! இப்பவே கிளம்புங்க. மாந்தோப்பு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு."

"இருடா தம்பி. இத்தனை வருஷம் உழைச்சு இப்பத்தான் ஓய்வு கிடைச்சிருக்கு. அதிலேயும் பறக்கச் சொல்றியா?"

"அவரு எழுந்துட்டா?"

"அந்த மனுஷன் இன்னும் எழுந்து நிக்கவே இல்லை. கடைசி நாள் பறந்துக்கலாம்."

அணில் தினமும் வந்து கேட்டது. கிளி பாதிக் கண்ணைத் திறந்து "நாளைக்கு" என்றது.

கட்டுப் பிரித்த மறுநாள் ஜோசியர் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, கூண்டின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"ராசா, நாளைக்குக் கடை விரிக்கணும்டா" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"கதவு திறந்துதான் இருக்கு, பறங்கண்ணே!" என்று அணில் கூரையிலிருந்து கத்தியது.

கிளி கூண்டைவிட்டு வெளியே நடந்து வந்தது. வழக்கம்போல ஜோசியரின் மடியில் ஏறி, அவர் தொடுவதற்கு முன்பே சிறகை விரித்துக் கொடுத்தது.