பலகைக்குப் பின்னால்

அவர் எழுந்திருப்பதற்குள் துடைத்துவிட வேண்டும்.

தலைமாட்டில், பலகையும் கூரையும் சேருகிற மூலையில், நேற்றுத் துடைத்த இடத்திலேயே பூசணம் மறுபடி வந்திருந்தது. கடுகு கடுகாகக் கறுப்புப் புள்ளிகள்.

வினிகரில் நனைத்த துணியை அவள் மெல்ல ஒற்றினாள். அழுத்தித் தேய்த்தால் சத்தம் கேட்கும்.

வெளியே மழை. பதினோரு நாளாக அதே மழை.

வால்பாறைக்கு மேலே, மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் அவர்களுடைய வேன் நின்றது. கீழே மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. மேலே போனால் காடு.

ஜன்னலைத் திறந்தால் சாரல் படுக்கையை நனைத்தது. மூடினால், இரண்டு பேர் விடுகிற மூச்சே சுவரில் நீராகி வழிந்தது.

வசுமதிக்கு ஒரு வாரமாக நெஞ்சுக்குள் ஏதோ கரகரத்துக்கொண்டிருந்தது.

அவரிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது?

மில்லை மூடிய பிறகு நந்தகோபால் இரண்டு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். சாப்பிட்டதும் போய்ப் படுத்துக்கொள்வார். பேச்சு கிடையாது.

பிறகு ஒருநாள் எங்கோ போய், பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். இருக்கைகளைப் பிடுங்கினார். பலகை அறுத்தார். கட்டில், அடுப்பு மேடை, துணி அலமாரி, எல்லாம் அவர் கையாலேயே ஆனது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சீட்டியடித்தபடி அவர் வேலை செய்ததை வாசலில் நின்று பார்த்தவள், உள்ளே போய் அழுதாள்.

ஊரில் இருந்த வீட்டை விற்று, இதில் ஏறினார்கள்.

அதனால்தான் துடைத்தாள். பெல்ட்டில் சாம்பல் நிறத்தில் படர்ந்ததை, செருப்பின் வாரில் படர்ந்ததை, தலையணைக்கு அடியில் படர்ந்ததை. தினமும், அவர் விழிப்பதற்கு முன்னால்.

"என்ன, வினிகர் வாசம் அடிக்குது?" என்று ஒருநாள் கேட்டார்.

"வெங்காயம் ஊறப் போட்டிருக்கறனுங்க."

பதினோராம் நாளான அன்று காலை பாதை திறந்துவிட்டார்களா என்று பார்த்துவரக் குடையோடு இறங்கிப் போனார். அப்படியே பாலும் வாங்கி வருவதாகச் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் வசுமதி மெத்தையைத் தூக்கினாள்.

அடிப்பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மேலாகத் துடைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

திருப்புளியை எடுத்தாள். மொத்தம் ஆறு ஸ்க்ரூ. துருவேறி இறுகியிருக்கும் என்று நினைத்து, முதல் ஸ்க்ரூவை முழு பலத்தோடு திருப்பினாள்.

வழுக்கிக்கொண்டு வந்தது.

கையில் எண்ணெய் பிசுபிசுத்தது.

அவர் ஃபிட்டராக இருந்தவர். கழற்றிய ஸ்க்ரூவை எண்ணெயில் தோய்க்காமல் திரும்பப் போடமாட்டார்.

மற்ற ஐந்தையும் மெதுவாகக் கழற்றினாள். பலகையைச் சாய்த்தாள்.

மரச்சட்டம் அழுகிப் பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது. தகரத்தில் நீர் ஓடிய தடம். பல இடங்களில் யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது.

கீழே, இடுக்கில், அவருடைய பழைய பனியன். நான்காக மடித்து. கறுப்பாக.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க அவள் தினமும் அரை மணி நேரம் போவாள். அந்த நேரத்தில்தான் அவர் இதைச் செய்திருக்க வேண்டும்.

அவள் பலகையைத் திரும்ப மாட்டவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள்.

நந்தகோபால் வந்தார். குடையிலிருந்து நீர் சொட்டியது. கையில் பால் பாக்கெட். திறந்து கிடந்த சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேனின் படியிலேயே, மழைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

"அடுப்புப் பக்கம் இதவிட மோசம்," என்றார்.

"எப்பருந்து தெரியுமுங்க?"

"மழ புடிச்ச ரெண்டாம் நாளே. உனக்குத் தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவியேன்னுதான் சொல்லல."

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியில் இருமலாகி, நிற்காமல், கண்ணில் நீர் கட்டும்வரை உலுக்கியது. அவர் எழுந்து வந்து முதுகைத் தடவினார். அவர் கையிலும் பிளீச்சிங் வாசம் அடித்தது.

இருமல் அடங்கியது. இரண்டு பேரும் அழுகிய சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தேறாது வசு. எல்லாத்தையும் பிரிச்சு எறிஞ்சாலும் தேறாது."

அவள் கையில் ஒட்டியிருந்த மரத்தூளை முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பாத தொறந்துருவாங்களாமா. நேராக் கீழ எறங்கீரலாம்."

எங்கே என்பதையும் அவரே சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில், வெகுநாளைக்குப் பிறகு, ஒரு தெளிவு வந்தது.

"உங்கக்கா வூட்டு மாடி காலியாத்தான இருக்குது?"

மாடிக்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டது. மழை பிடிப்பதற்கு முந்தின நாள் அக்கா போனில் சொல்லியிருந்தாள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலியாத்தானுங்க இருக்குது," என்றாள்.