ஐந்தாவது கடை

"பதினோரு வருசமா கரகம் எடுக்கற மனுசன், பெங்களூருல பீர் கடையில உக்காந்திருக்காரு. இதுக்கு ஊரு என்ன சொல்லுது?"

பூபதி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். கோயில் முன்னால் கூடியிருந்த முப்பது பேரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்ததில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கரகம் எடுப்பவர் அதற்கு முன் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மதுவைத் தொட்டிருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். இந்த ஒரு விதியினாலேயே போட்டியின்றி ஆண்டுதோறும் கரகம் எடுத்துவருபவர் நாச்சிமுத்து. பூபதியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

பூபதி குடியை விட்டு இன்றோடு நாற்பத்தேழு நாள். குடிக்காதவருக்கும் குடியை விட்டவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு: முன்னவர் நாள் எண்ணுவதில்லை.

"யாரு எடுத்த போட்டோ?" என்றார் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி.

"நம்ம யுவராஜுங்க. அங்க கார் ஓட்டறானில்லீங்களா. மொதக் கடையில இவரப் பாத்துட்டு நம்பலையாம். அப்புறம் பொழப்ப உட்டுப்போட்டு இவரு பின்னாலயே போயிருக்கான். ரெண்டு நாளு, அஞ்சு கடைங்க!"

"அஞ்சா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். அதிர்ச்சியா பொறாமையா என்று பிரித்தறிய முடியவில்லை.

"நம்மூரு கடையாட்டம் இல்லீங்க. அங்கயே காச்சி அங்கயே ஊத்தறாங்க. இஞ்சி போட்டது, மாம்பழம் போட்டது, காப்பிக்கொட்டை போட்டது. எது வேணும்னு தெரியாதவங்களுக்கு ஒரு பலகையில அஞ்சு சின்ன கிளாசு வெச்சு ருசி பாக்கத் தராங்க."

"உனக்கெப்படிப்பா இத்தனை வெவரம்?"

"யுவராஜ் சொன்னானுங்க. நான்தான் நாப்பத்தேழு நாளா..."

"தெரியும், தெரியும்." அர்த்தனாரி மறுபக்கம் திரும்பினார். "ஏனுங்க நாச்சிமுத்து, போனீங்களா?"

"போனனுங்க."

"அஞ்சு கடைக்கும்?"

"ஆமாங்க. அஞ்சாவதோட முடிஞ்சுதுங்க."

"குடிச்சீங்களா?"

"இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. பீர் கடைக்குப் போய்க் குடிக்காமல் திரும்பியதாக இதுவரை கொல்லிமலையில் பலர் சொல்லியிருக்கிறார்கள். அனைவரும் தத்தம் மனைவியிடம்.

"பின்ன எதுக்குப் போனீங்க?"

நாச்சிமுத்து அண்ணாந்து பலாமரத்தைப் பார்த்தார். "ஊரு சுத்திப் பாக்கத்தானுங்க."

பெண்கள் பக்கமிருந்து பூபதியின் மனைவி பானுமதி குரல் கொடுத்தாள். "போதும், போன உள்ள வைங்க. எங்கண்ணன் மேலயே பிராது குடுக்கறது நல்லாவா இருக்குது?"

"சாமி காரியத்துல மச்சான் என்ன, மாமன் என்ன?" பூபதிக்குக் குரல் ஏறியது. "நான் இன்னும் ஒரு படி மேல போறனுங்க. குடிச்சவன் மட்டுமில்ல, அந்தத் தொழிலோட ஒட்டு உறவு இருக்கறவன், அவன் ஊட்டாளுக, ஒருத்தரும் கரகத்தத் தொடக்கூடாது. எழுதிக்கங்க!"

பானுமதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எழுதிக்கலாம். மொதல்ல கிளாசு காலியா, நெறஞ்சிருக்குதான்னு பாரு. படத்தப் பெருசு பண்ணு" என்றார் அர்த்தனாரி.

பூபதி இரண்டு விரலை வைத்துப் படத்தை விரித்தார். முதலில் நாச்சிமுத்துவின் மீசை வந்தது. தள்ளினார். பலகை வந்தது. ஐந்து கிளாஸ். ஐந்தும் விளிம்பு வரை நிறைந்திருந்தன, நுரைகூடக் கலையவில்லை. பிராதுக்கு இது நல்லதல்ல. காலி கிளாஸ் வேறெங்காவது அகப்படுமா என்று படத்தை மேலே நகர்த்தினார்.

மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கும் பின்னால் ஆளுயர எவர்சில்வர் அண்டாக்கள். அவற்றின் நடுவே ரப்பர் பூட்சும் தொப்பியுமாக ஒரு பெண், நாச்சிமுத்துவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் காணாமல் போகிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பூபதி இருபத்தாறு வருடமாக அறிவார். ஒரே மகள் தேன்மொழி. பெங்களூரில் குடிதண்ணீர் கம்பெனியில் கெமிஸ்ட் என்று செம்மேடு பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஒன்றரை மாதமாக அவள் போனை எடுக்காததையும், வேலை அதிகம் என்று பெருமையாகவே சொல்லிவந்தார்.

பூபதி மனைவியைப் பார்த்தார். மனைவி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பலாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, நெறஞ்சிருக்குதா?"

"நெறஞ்சுதானுங்க இருக்குது." பூபதி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். "மச்சான் தொடவேயில்லீங்க. இந்த வருசமும் அவரே எடுக்கட்டும்."

"அந்த ஒட்டு உறவு சட்டம்? எழுதிக்கட்டுமா?"

"வேண்டாமுங்க. இருக்கற சட்டமே போதுமுங்க."

கூட்டம் கலைந்ததும் பூபதி மெல்ல நாச்சிமுத்துவின் அருகே போனார். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல மச்சான்?"

"புள்ள பீர் காச்சற வேலைன்னு அம்மாகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்குது. கடைசியா பேசறப்போ நீங்க குடியோட கெடுதியப் பத்தி ஒரு மணி நேரம் பேசினீங்களாம். அன்னிலருந்து பயந்துக்கிட்டு ஒருத்தர் போனையும் எடுக்கல. பானு அழுதுச்சு. கடை பேரும் தெரியல, கடை கடையா ஏறி எறங்கித் தேடோணும். குடிக்காம திரும்பி வர்ற ஆளு ஊருல நான் ஒருத்தன்தானே மாப்ள?"

பூபதி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாப்பா... எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது. நம்ம தோட்டத்து மொளகு போட்டு அதுவே ஒரு பீர் காச்சியிருக்குது. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மாமான்னு ரொம்பக் கெஞ்சுச்சு. எனக்குத்தான் மனசு வரல."

"வெரதமாச்சே."

"வெரதமும்தான்" என்றார் நாச்சிமுத்து. "ஆனா அந்த பீருக்கு உங்க பேரையில்ல வெச்சிருக்குது, மாப்ள!"