பூஞ்சணம்

யோகம்மா வினாகிரியில் நனைத்த துணியால் கணவனின் ஹெல்மெட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தடி வீடுகளில் மாரி மழைக்கு எதுவும் காய்வதில்லை. ஹெல்மெட்டின் உள்பஞ்செல்லாம் பச்சைப் பூஞ்சணம்.

"விடுங்கோ மச்சாள், உது இனிச் சரிவராது," என்றாள் கணவனின் தங்கை பத்மாசனி.

"மத்தியானம் அவர் வந்திடுவார். அதுக்குள்ள காயவேணும். நண்டுக்கறிக்கு உறைப்புக் காணுமோ? உறைப்பில்லாட்டித் தொடமாட்டார்."

"காணும் மச்சாள். நீங்கள் எழும்பி முகத்தைக் கழுவுங்கோ."

"மணக்குது, தலையில வைக்க ஏலாது எண்டு அண்டைக்கு இதை ஆணியில கொழுவிப்போட்டு, வெறுந்தலையோட நிலாவெளிக்கு மோட்டார் சைக்கிள் ஓடினவர். இண்டைக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது."

பத்மாசனி கறியைக் கிளறக் குசினிக்குள் போய்விட்டாள்.

மத்தியானம், மாலை போட்ட படத்தின் முன்னால் வாழையிலை விரித்துச் சோறும் நண்டுக்கறியும் படைத்தார்கள். பக்கத்தில் யோகம்மா ஹெல்மெட்டை வைத்தாள். எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

சாத்திய கதவோடு வாயை வைத்து யோகம்மா சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, இப்ப மணமில்லை. ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்."