முன் டயர்

மாப்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்ட தன் பைக்குக்கு, பவுன்ராஜ் விலை பாராமல் இரண்டு டயர்கள் தேர்ந்தெடுத்துப் போடச் சொன்னார். மெக்கானிக் ஹேண்டிலை அசைத்துப் பார்த்தார்.

“டயர் மட்டும் பத்தாதுண்ணே. ஹேண்டிலைத் தாங்குற கோன் செட் தேஞ்சு கெடக்கு. அறுபதைத் தாண்டினா முன்வீல் ஆடி ஆளைத் தூக்கிப் போட்டுரும். மாத்திரவா?”

“வேண்டாம். அவரு தனியாப் போனாத்தான் பறப்பாரு. எம்பொண்ணை ஏத்தினா மெதுவாத்தான் போவாரு.”

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

மாலையில் மாப்பிள்ளை வந்து புது டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். கூட வந்த மகளின் கழுத்தில் அவர் வைத்த சூடு இன்னும் ஆறவில்லை.

“பைபாஸ்ல ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துருவோம். நீங்க ஏறுறீங்களா மாமா, இவளை ஏத்தட்டுமா?”

பவுன்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

“நல்லாப் பிடிச்சுக்குங்கப்பா” என்று மகள் சிரித்தாள்.