கோணல் ஸ்டியரிங்

"ஆக்சிலே வளைஞ்சு போச்சு மேடம்" என்றான் பட்டறைக்காரன், லாரிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல்.

அவள் டிரைவர் சீட்டிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். அதற்குள் அந்த மகராசன் வண்டியின் நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

"சார், வண்டி நேராத்தான் போகுது. எந்தப் பக்கமும் இழுக்கல. ஸ்டியரிங் மட்டும்தான் வலது பக்கமா சாஞ்சு நிக்குது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்களேன்."

"நான் பார்க்காத வண்டியா? ஓட்டித்தான் தெரிஞ்சுக்கணுமாக்கும்!" காதைக் குடைந்துகொண்டிருந்த சாவியை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டான். "அப்புறம், சார் மோரெல்லாம் எதுக்கு? சும்மா அண்ணேன்னே கூப்பிடுங்க."

அவள் கூப்பிடவில்லை. வாசலில் டயர் கழற்றிக்கொண்டிருந்த ஆளிடம் "அண்ணே, வண்டியை எங்க நிறுத்தட்டும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள்தான். இவன் மட்டும் சாராகவே இருந்தான்.

பட்டறையைப் பார்க்கவே குமட்டியது. தரையெல்லாம் பழைய ஆயில், அதில் ஊறிக் கிடக்கும் சிகரெட் துண்டுகள், ஈ மொய்க்கும் டீ கிளாஸ், எச்சில் துப்பியே கறை படிந்த சுவர். அலைன்மெண்ட் பார்க்கும் மெஷின் என்னவோ புதுசுதான். அதன் மேல் யாரோ ஈர பனியனைக் காயப்போட்டிருந்தார்கள்.

தூசிக்காக முகத்தில் கட்டியிருந்த துணியை அவள் அவிழ்க்கவே இல்லை. அந்த நாற்றத்தில் யார்தான் அவிழ்ப்பார்கள்?

பட்டறைக்காரன் பேருக்கு வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான். ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரன் மூடியின் ஓரத்தில் பளிச்சென்று புதுக் கீறல் இருந்தது. பார்க்கத் தெரிந்தவன் கண்ணில் அதுதான் முதலில் பட்டிருக்கும். முன் டயரைத் தடவிப் பார்த்திருந்தால், அது ஒரே சீராகத் தேய்ந்திருப்பதும் தெரிந்திருக்கும். அவன் இறங்கி, கண்ணாடியில் தலைமுடியைச் சரிபார்த்துக்கொண்டான்.

அவள் போன் அடித்தது. அம்மா.

"நாளைக்குக் காலையில அவங்க வர்றாங்கடி. பேசி முடிச்சுடலாம்னு உன் மாமா ஒத்தைக்கால்ல நிக்கறாரு. சரின்னு சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் பொறும்மா. வண்டி வேலை முடியட்டும், சொல்றேன்."

"எப்பப் பாரு வண்டி, வண்டி! காலம் பூரா உன்கூட இருக்கப் போறது லாரியா, புருஷனா?"

"அதைத்தாம்மா யோசிக்கறேன்" என்று போனை வைத்தாள். குரலில் விளையாட்டு இல்லை.

"சட்டுனு முடிவு சொல்லுங்க மேடம். நாளைக்குக் கடை லீவு" என்றவன், டயர்க்காரர் காதில் எதையோ ஓதினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் போய் வந்தார். லாரிக்கு அடியில் கொஞ்ச நேரம் டங்டங்கென்று தட்டல் சத்தம். பிறகு பட்டறைக்காரன் கையில் ஒரு ரப்பர் மூடியோடு எழுந்து வந்தான்.

"பாருங்க, வீலைத் திருப்புதே, அந்த டை ராடோட ரப்பர். தொட்டேன், கையோட வந்துடுச்சு. இதோட ஓட்டினா வீல் ஒரு ஊருக்குப் போகும், நீங்க ஒரு ஊருக்குப் போவீங்க."

அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கியது. அவள் சொந்த லாரியில் இருப்பது போன மாதம்தான் மாற்றிய புதுசு, அவளே முன்னால் நின்று மாட்ட வைத்தது. குப்பையில் பொறுக்கியதை ஒரு துணியால் துடைத்துக் காட்டக்கூட இவனுக்கு உடம்பு வணங்கவில்லையே! ஏமாற்றுவதிலும் சோம்பேறி.

"ஆக்சில், டை ராடு, கிங்பின் எல்லாத்தையும் மாத்திடுவோம். வண்டி யாரோடது?"

"ஓனர்கிட்டதான் கேட்கணும் சார்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தான். வாயிலிருந்து வீசிய வாடைக்கு அவள் முகத்துணியும் தாங்கவில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு. பில்லை இன்னும் கொஞ்சம் ஏத்திப் போட்டுடறேன், உங்க பங்கு உங்களுக்கு. ஓனருங்களுக்கு என்ன தெரியும்? கையில எண்ணெய் படாத ஜென்மங்க."

அவள் நகக்கண்ணில் காலையில் ஏறிய கிரீஸ் அப்படியே கறுப்பாக இருந்தது. இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஏறி லாரியைக் கிளப்பினாள். வாசலைத் தாண்டும்போது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"வர்றேன் அண்ணே!"

"ஆங், இப்பத்தான் வழிக்கு வந்தீங்க!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

தெரு முனையைத் திரும்பியதும் லாரியை ஓரங்கட்டினாள். முகத்துணியை அவிழ்த்து, நிம்மதியாக மூச்சு விட்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரையும் புல்லரையும் எடுத்து, ஹாரன் மூடியை நெம்பினாள். காலையில் தன் கையாலேயே வேண்டுமென்று நாலு பல் தள்ளிக் கோணலாக மாட்டி வைத்த ஸ்டியரிங்கைக் கழற்றி, பழையபடி நேராக உட்கார வைத்து நட்டை இறுக்கினாள். பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா, நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிடு."

"அடிப்பாவி! பையன் மூஞ்சியை ஒரு தடவைகூடப் பார்க்காம வேண்டாங்கறியே!"

"பார்த்துட்டுத்தாம்மா வர்றேன்."